ஜூடோல கிரிப் ஃபைட்டிங்: மதுரைப் பக்கம் பிள்ளைக அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜூடோ கத்துக்குற பிள்ளைகளும் அவங்களை வண்டில ஏத்திக் கூட்டிட்டு வர்ற அப்பா அம்மாவும் பிடி பத்தி திரும்பத் திரும்ப கேக்குறதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சா நல்லதுன்னு எழுதுறேன். எல்லாமே வலது கை ஆட்டக்காரரை வச்சுத்தான் சொல்லிருக்கேன், இடது கைக்காரங்க அப்படியே மாத்திப் படிச்சுக்கங்க.

கிரிப் ஃபைட்டிங்னா என்ன? சட்டையைப் பிடிச்சு இழுக்குறதுதானே, இதுல தனியா கத்துக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கு. ரெஃப்ரி "ஹாஜிமே" சொன்னதுல இருந்து உங்க ரெண்டு கையும் நீங்க நினைச்ச இடத்துல போய் உக்கார்ற வரைக்கும், எதிராளியோட கை அவன் நினைச்ச இடத்துல உக்காராம நீங்க பாத்துக்குற வரைக்கும் நடக்குற சண்டைதான் இது, ஜப்பான்காரங்க குமிகத்தான்னு சொல்லுவாங்க. ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை. ஸ்லீவைப் பிடிக்கிற கை ஹிகித்தே, அது இழுக்கும். லேப்பலையோ (சட்டையோட நெஞ்சுப் பக்க ஓரம்) காலரையோ பிடிக்கிற கை த்சுரித்தே, அது தூக்கும், திருப்பும், தள்ளி நிப்பாட்டும். வலது கைக்காரருக்கு இடது கை ஸ்லீவ்ல, வலது கை லேப்பல்ல.

சீனியர் மேட்ச் 4 நிமிஷம்தான். அதுல பாதி நேரம் கை சண்டையிலயே போயிரும், ரெண்டு கையும் சரியா கிடைக்கிறது சில செகண்டுதான். அந்த சில செகண்டு யாருக்குக் கிடைக்குதோ அவங்க தூக்குவாங்க. பிராக்டிஸ்ல நூறு தடவை அழகா செயோய் நாகே (தோள் மேல தூக்கிப் போடுற த்ரோ) போடுற பிள்ளை மேட்ச்ல ஒரு தடவை கூட உள்ள போக முடியாம திரும்பி வருதுன்னா த்ரோல கோளாறு இல்ல, கை போய் சேரலன்னு அர்த்தம்.

ஒண்ணை மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், கீழ எல்லா பதில்லயும் இதுதான் திரும்ப வரும். பிடிங்கிறது த்ரோவோட மொத பாதி. என்ன த்ரோ போடப் போறோம்னு தெரியாம பிடிக்காக மட்டும் பிடிச்சா கை வலிக்கும், ஷிடோ (ரெஃப்ரி குடுக்குற தண்டனை) விழும், வேற ஒண்ணும் நடக்காது.

பையன் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, இப்பவே கிரிப் ஃபைட்டிங் சொல்லிக் குடுப்பீங்களா?

வேண்டாம்ங்க. மொதல்ல விழக் கத்துக்கட்டும், உக்கேமி இல்லாம எதுவும் இல்ல. அடுத்து நேரா நின்னு சாதாரண பிடி பிடிச்சு நடக்கட்டும், ரெண்டு மூணு த்ரோ உடம்புல ஏறட்டும். அதுக்கு முன்னாடியே கையைத் தட்டி விடவும் உடைக்கவும் சொல்லிக் குடுத்தா அந்தப் பிள்ளை முதுகை வளைச்சு, கையை விறைப்பா நீட்டி, யாரையும் கிட்ட விடாம நிக்கப் பழகிரும், விழவும் விழாது, தூக்கவும் தூக்காது. அந்தப் பழக்கம் வந்துட்டா எடுக்குறது ரொம்பக் கஷ்டம். தோராயமா ஆறு மாசம் ஒழுங்கா ராண்டோரி (ஆளோட மோதிப் பழகுறது) பண்ணுன பிறகு ஆரம்பிச்சா போதும்னு நான் நினைக்கிறேன். அதுக்கு முன்னாடி எந்தக் கை எங்க, எந்த விரல்ல அழுத்தம், இம்புட்டு தெரிஞ்சா போதும்.

எந்த விரல்ல அழுத்தம்? முழுக் கையாலயும் இறுக்கிப் பிடிக்கக் கூடாதா?

கூடாது. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூணும்தான் துணியைக் கவ்வணும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் லேசா இருக்கணும். அஞ்சு விரலையும் போட்டு இறுக்குனா முன்கை ஒரு நிமிஷத்துல கல்லு மாதிரி ஆயிரும், மணிக்கட்டும் திரும்பாது, மணிக்கட்டு திரும்பலேன்னா த்ரோ உள்ள போகாது. ஸ்லீவைப் பிடிக்கும்போது துணியை ஒரு கை சுருட்டிப் பிடிங்க, மேலாக்க கிள்ளிப் பிடிச்சா ஒரே வெட்டுல உருவிட்டுப் போயிருவாங்க.

மொதல்ல எந்தக் கையைப் போடணும், ஸ்லீவா லேப்பலா?

எதிர்ல நிக்கிற ஆள் யாருங்கிறதைப் பொறுத்தது. இதுதான் எல்லாரும் அவசரமா தாண்டிப் போற இடம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ரெண்டு பேருமே வலது கைக்காரங்கன்னா அதுக்குப் பேர் ஆய் யோத்சு. இதுல எதிராளியோட வலது கைதான் உங்களுக்கு ஆபத்து, அந்தக் கைதான் உங்க காலருக்கு வரும், அந்தக் கையாலதான் அவன் தூக்குவான். உங்க இடது கை பிடிக்கப் போறதும் அதே கையோட ஸ்லீவைத்தான். அப்ப ஸ்லீவை மொதல்ல எடுத்தீங்கன்னா ஒரே வேலைல ரெண்டு லாபம், உங்க ஹிகித்தே உக்காந்துருச்சு, அவனோட முக்கியமான கை பூட்டிருச்சு. அந்தக் கையை அவன் தொடைப் பக்கமா கீழ அமுக்கி வச்சுகிட்டு வலது கையை நிதானமா லேப்பலுக்குக் கொண்டு போங்க. லேப்பலைத்தான் மொதல்ல எடுப்பேன்னு ஆடுற பெரிய ஆட்டக்காரங்களும் இருக்காங்க, ஆனா உயரமும் கை நீளமும் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்லீவ் முதல்ங்கிறதுதான் பாதுகாப்பு.

ஒருத்தர் வலது, ஒருத்தர் இடதுன்னா அது கென்கா யோத்சு. இங்க கணக்கே வேற. உங்க வலது கையும் அவனோட இடது கையும் ஒரே பக்கம் ஒண்ணோட ஒண்ணு மோதிகிட்டு நிக்கும், ஸ்லீவைப் பிடிக்க வேண்டிய ரெண்டு கையும் அங்கிட்டு தூரமா இருக்கும். அதனால இங்க லேப்பல் முதல்ல, ஸ்லீவ் அப்புறம்.

லெஃப்ட்டி வந்தாலே என் பொண்ணு தோத்துடுறா. என்னதான் பண்றது?

முக்கால்வாசிப் பேர் வலது கைக்காரங்களோடயே பழகுறோம், லெஃப்ட்டிக்கு நம்ம மாதிரி ஆளு தினமும் கிடைக்கிறான், நமக்கு லெஃப்ட்டி எப்பயாச்சும்தான் கிடைக்கிறான். அந்த வித்தியாசம்தான் தோல்விக்குக் காரணம், அவங்க கையில தனி சக்தி எதுவும் இல்ல.

பாக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, லேப்பல் கை உள்ள போகணுமா வெளியிலயா. உங்க கை அவன் கைக்கு உள்பக்கமா போய் லேப்பலைப் பிடிச்சு, முழங்கை கீழ தொங்கி அவன் கையை வெளிய தள்ளிகிட்டு இருந்தா அவன் கிட்ட வரவே சிரமப்படுவான், தூரத்தை நீங்க முடிவு பண்ணலாம். உயரமான பிள்ளைன்னா அவன் கைக்கு மேல போட்டு காலரையோ தோள்பட்டைக்குப் பின்னாடியோ பிடிக்கலாம், உச்சி மாத்தா த்ரோவுக்கு அது நல்ல பிடி. குட்டையான பிள்ளை மேல போடப் போனா அக்குள் திறந்து கிடக்கும், அது வேண்டாம்.

ரெண்டாவது, தூரத்துல இருக்குற ஸ்லீவை எப்படி எட்டுறது. இங்கதான் பிள்ளைக கையை எக்கி எக்கிப் பாயுறாங்க, பாய்ஞ்சதும் உடம்பு முன்னாடி சாஞ்சுருது, அங்கயே விழுந்துடுறாங்க. பாயாதீங்க. லேப்பல்ல இருக்குற வலது கையால அவனோட இடது தோளைப் பின்னாடி தள்ளுங்க, தோள் பின்னாடி போனா உடம்பு திரும்பும், அந்தப் பக்கத்து வலது தோளும் கையும் தானா முன்னாடி வரும். வந்ததும் ஸ்லீவைக் கவ்வுங்க. கவ்வுன உடனே அட்டாக், அங்க நின்னு யோசிச்சா அவன் கையை உருவிருவான். ஸ்லீவ் கிடைக்காமலே ஓஉச்சி காரி, கோஉச்சி காரிங்கிற கால் வாருற த்ரோ ரெண்டையும் லேப்பலை மட்டும் வச்சுப் போடப் பழகுனா இன்னும் நல்லது, அவன் காலைப் பாத்துகிட்டு இருக்கும்போது கையை மறந்துருவான்.

அவங்க என்னைப் பிடிச்சுட்டாங்க, அந்தப் பிடியை எப்படி உடைக்கிறது?

கையால உடைக்காதீங்க, உடம்பால உடைங்க. லேப்பலைப் பிடிச்சிருக்கான்னு வைங்க, உங்க இடது லேப்பல்ல அவன் வலது கை. உங்க இடது கையால அவன் ஸ்லீவ் முனையை வெளிப்பக்கமா கவ்வுங்க, வலது கையையும் அவன் மணிக்கட்டுக்குப் பக்கத்துல துணைக்குக் கொண்டு வாங்க, ரெண்டு கையையும் விறைப்பா வச்சுகிட்டு இடது காலைப் பின்னாடி வச்சு நெஞ்சைத் திருப்புங்க. கை நின்ன இடத்துலயே நிக்கணும், விலகுறது உங்க உடம்பு. மெதுவா இழுத்தா அவனும் கூடவே இறுக்குவான், அதனால ஒரே வெட்டா இருக்கணும்.

ஸ்லீவைப் பிடிச்சிருந்தா மணிக்கட்டைத் திருப்பி, அவன் கட்டை விரலும் மத்த விரலும் சேர்ற பக்கமா, அதாவது பிடியோட வாய் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமா, இடுப்பைப் பின்னாடி எடுத்துகிட்டு வெடுக்குனு இழுங்க.

இதுல பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம், உடைச்சு முடிச்சதும் அவன் ஸ்லீவை விட்டுறக் கூடாது. உடைக்கிறதுக்குப் பிடிச்ச அந்த ஸ்லீவ்தான் உங்க ஹிகித்தே. அவன் கை காத்துல, உங்க கை அவன் ஸ்லீவ்ல, அந்த நொடியிலதான் லேப்பலுக்கும் த்ரோவுக்கும் போகணும். ரெண்டு பேரும் கையை விட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சா நீங்க செஞ்ச வேலை அம்புட்டும் வீண். உடைச்சுட்டு மறுபடி பிடிக்காம தள்ளித் தள்ளிப் போனா ஷிடோவும் உண்டு.

கையை விறைப்பா நீட்டிகிட்டு கிட்டயே விட மாட்றான், பலமும் ஜாஸ்தி. என்ன செய்ய?

நேருக்கு நேரா தள்ளி ஜெயிக்க நினைக்காதீங்க. விறைச்ச கை முன்னாடி பின்னாடி பலமா இருக்கும், பக்கவாட்டுல பலம் கிடையாது. முழங்கைக்குக் கீழ கையைக் குடுத்து மேல தூக்கிட்டு பக்கத்துல நடங்க, இல்ல அவன் ஸ்லீவைக் கீழ வெடுக்குனு இழுத்துட்டு வட்டமா நகருங்க. அவன் தள்ளுறான்னா அவன் எடை முன்னாடி வருது, தொமோயே நாகேவும் சாசாயேவும் அதுக்குன்னே இருக்குற த்ரோ. ரெண்டு ஸ்லீவும் உங்க கையில கிடைச்சா சொதே த்சுரிகோமி கோஷி. 66 கிலோல ஹிஃபுமி ஆபே டோக்கியோலயும் பாரிஸ்லயும் ஒலிம்பிக் தங்கம் வாங்குனாரே, அவர் ஸ்லீவை வச்சுப் போடுற அந்த த்ரோவைப் பாருங்க, எதிராளியோட விறைப்பையே தூக்கிப் போட்டுருப்பார்.

உயரமான ஆளு கழுத்துக்குப் பின்னாடி காலரைப் பிடிச்சு அமுக்குறான், குனிஞ்சுடுறேன்.

அந்தக் கை அங்க வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே ஸ்லீவைப் பிடிச்சுறணும், இதுதான் மொத பதில். டெடி ரினேர் 2012, 2016, 2024ன்னு மூணு தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்குனவர், அவர் வலது கை காலர்ல ஏறிடுச்சுன்னா உலகத்துல முக்கால்வாசிப் பேரால ஒண்ணும் செய்ய முடியல. அதனால அவரோட மோதுறவங்க எல்லாரும் மொத வேலையா அந்தக் கையைத்தான் துரத்துவாங்க.

கை ஏறிடுச்சு, இப்ப என்ன? தலையைக் குனியாதீங்க. குனிஞ்சா அவனுக்கு உங்க முழு எடையும் கையில கிடைச்சுரும், அப்படியே குனிஞ்சு நின்னா தற்காப்பு ஆட்டம்னு ஷிடோவும் வரும். இடுப்பை அவன் கிட்ட கொண்டு போங்க, கழுத்தை நிமித்துங்க, அவன் முழங்கையை மேல தள்ளிட்டு தலையை அந்தக் கைக்கு அடியில வெளிய எடுங்க. எடுத்ததும் ஒரு பக்கப் பிடியா ஆயிரும், அப்படியே நிக்க விட மாட்டாங்க, உடனே அட்டாக் பண்ணணும். குட்டையான பிள்ளைக கீழ இறங்கிப் போடுற செயோய் நாகே இங்க நல்லா வேலை செய்யும்.

எங்க பையன் கபடி ஆடுனவன், கைப்பிடி நல்லாருக்கு, ஆனா எப்பப் பாத்தாலும் காலைப் பிடிக்கிறான்.

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இருந்து வர்ற நிறைய பிள்ளைகளுக்கு இது உண்டு. கபடி ஆடுன பிள்ளைக்கு கால் நகர்வும் தைரியமும் ஏற்கனவே இருக்கும், எனக்கு அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குடுக்க ரொம்பப் பிடிக்கும். ஆனா தொடையைப் பிடிக்கிறது, கணுக்காலைப் பிடிக்கிறது எல்லாம் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2010ல கட்டுப்படுத்தி 2013ல முழுசா நிறுத்திருச்சு, நின்னு ஆடும்போது பெல்ட்டுக்குக் கீழ கை போனா ஷிடோ. அலங்காநல்லூர் வாடிவாசல்ல திமிலை மட்டும்தான் பிடிக்கலாம், வாலையோ கொம்பையோ பிடிச்சா செல்லாதுல்ல, அதே மாதிரின்னு சொன்னா நம்ம பிள்ளைகளுக்கு சட்டுனு புரிஞ்சுருது. திட்டாதீங்க, ஒவ்வொரு தடவை கை கீழ போகும்போதும் ராண்டோரியை நிறுத்தி ஸ்லீவ்ல இருந்து மறுபடி ஆரம்பிக்க வைங்க. நாலஞ்சு வாரத்துல கை தானா மேல வரும்.

பிடி விஷயத்துல எதுக்கெல்லாம் ஷிடோ?

பிடிக்காம தப்பிச்சுகிட்டே இருந்தா, எதிராளி கையைத் தட்டித் தட்டி விட்டா, லேப்பலைக் கையால மூடி மறைச்சா, ஸ்லீவ் முனைக்குள்ள விரலை விட்டா, விரலோட விரலைக் கோத்து இழுத்துகிட்டு நின்னா. ஒரே பக்கமா பிடிக்கிறது, பெல்ட்டைப் பிடிக்கிறது, குறுக்குப் பிடி எல்லாம் தப்பில்ல, பிடிச்சா அட்டாக் வரணும். மூணு ஷிடோ வந்தா ஹன்சோகு மாக்கே, மேட்ச் போச்சு. ஒவ்வொரு ஒலிம்பிக் முடிஞ்சதும் ரூல்ஸ்ல ஏதாச்சும் மாத்துவாங்க, அதனால போட்டிக்கு முன்னாடி நடக்குற ரெஃப்ரி மீட்டிங்ல மாஸ்டரைக் கேக்கச் சொல்லுங்க.

வீட்டுல என்ன எக்சர்சைஸ் பண்ணலாம்? ஜிம் பக்கத்துல இல்ல.

கெட்டியான துண்டு ஒண்ணு போதும். புல் அப் பார்லயோ உறுதியான மரக்கிளையிலயோ துண்டைப் போட்டு ரெண்டு முனையையும் பிடிச்சுத் தொங்குங்க, தொங்க முடிஞ்ச பிறகு புல் அப். பழைய ஜூடோ சட்டை இருந்தா அதைப் போட்டுத் தொங்குறது இன்னும் நல்லது. கயிறு ஏறுறதுக்கு ஈடே கிடையாது.

பலம் எதுக்குன்னா கடைசி நிமிஷத்துக்கு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்ல நம்ம சுசிலா தேவி 48 கிலோ ஃபைனல் கோல்டன் ஸ்கோர், அதாவது கூடுதல் நேரம் வரைக்கும் போய் ஒரு வசா அரி பாயிண்ட்ல தோத்து வெள்ளி ஆச்சு. அந்த நேரத்துல விரல் மூடணும், மூடலேன்னா தெரிஞ்ச வித்தை எதுவும் வெளிய வராது.

ஆனா துண்டுல தொங்குறதை மட்டும் வச்சு கிரிப் ஃபைட்டிங் வராது. அது ஆளோடதான் பழகணும்.

அப்ப ஆளோட எப்படிப் பழகுறது?

நான் செய்ய வைக்கிறது இப்படி. மொதல்ல த்ரோ இல்லாம 30 செகண்டு பிடி மட்டும், ரெண்டு கையும் நினைச்ச இடத்துல வச்சு மூணு எண்ணுறவங்களுக்கு ஒரு பாயிண்ட். அடுத்து அதே ஆட்டம், ஆனா பிடி கிடைச்சதும் உச்சிகோமி (தூக்காம நுழைஞ்சு மட்டும் பழகுறது) மாதிரி த்ரோவுக்கு உள்ள நுழையணும், நுழையலேன்னா பாயிண்ட் இல்ல. மூணாவதா, ஒருத்தர் கெட்ட நிலைமையில ஆரம்பிக்கணும், எதிராளிக்கு ரெண்டு கையும் இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, அங்க இருந்து வெளிய வாங்க. இந்த மூணாவதைத்தான் யாரும் செய்யுறதில்ல, மேட்ச்ல நிஜமா நடக்குறது அதுதான்.

கண் பார்வை இல்லாதவங்க ஆடுற பாரா ஜூடோல ரெண்டு பேரும் பிடிச்ச பிறகுதான் மேட்சே ஆரம்பிக்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல கபில் பார்மர் 60 கிலோல வெண்கலம் வாங்குனார், பாராலிம்பிக் ஜூடோல இந்தியாவுக்கு அதுதான் மொத பதக்கம். அந்த மேட்ச்செல்லாம் போட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் கை இருக்கு, ஒளிய இடமில்ல, அப்ப பிடிக்குள்ளயே எம்புட்டு வேலை நடக்குதுன்னு தெரியும். வாரத்துல ஒரு நாள் எங்க பிள்ளைகளையும் அதே மாதிரி பிடிச்ச பிறகு ஆரம்பிக்க வைக்கலாம்னு எனக்கு அதைப் பாத்துத்தான் தோணுச்சு.

ஷோஹேய் ஓனோவும் பாக்க வேண்டியவர், 73 கிலோல 2016லயும் டோக்கியோலயும் தங்கம். நிமிந்து நின்னு, ரெண்டு கையாலயும் சாதாரணமான பிடிதான் பிடிப்பார், ஒசோத்தோ காரியும் உச்சி மாத்தாவும் எப்ப வரும்னே தெரியாது.

பொம்பளப் பிள்ளைகளுக்கு வேற மாதிரி சொல்லிக் குடுக்கணுமா?

இல்ல. அதே பிடி, அதே வேலை. பசங்களோட பழகும்போது எடை கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், அம்புட்டுதான். நீள முடியை மெத்துன்னு இருக்குற ரப்பரால கட்டுங்க, கிளிப் வேண்டாம், காலரைப் பிடிக்கிற கையில குத்தும்.

விரல் மூட்டு வீங்குது, டேப் சுத்தலாமா?

சுத்தலாம். மெடிக்கல்ல கிடைக்கிற ஒட்டுற துணி டேப்பை மெல்லிசா கிழிச்சு மூட்டுக்கு மேலயும் கீழயும் சுத்துங்க, மூட்டு மடங்கணும். ஆனா விரல் கெட்டுப் போறதுக்கு பெரிய காரணம், போன பிடியை விடாம தொங்குறதுதான். அவன் உடம்பு திரும்பி துணி விரலை முறுக்குதுன்னா விட்டுருங்க, மறுபடி பிடிச்சுக்கலாம். வீக்கம் ஒரு வாரத்துல வடியலேன்னா, இல்ல விரல் கோணலாத் தெரிஞ்சா எலும்பு டாக்டரைப் பாருங்க, நீவி விடுறவங்ககிட்ட போகாதீங்க. நகம் வாரா வாரம் வெட்டணும், கை நகம் கால் நகம் ரெண்டும்.

கராத்தே டிரெஸ் வீட்டுல இருக்கு, அதுல பழகலாமா? மதுரை வெயில்ல அந்த தடி டிரெஸ் தாங்குமா?

கராத்தே சட்டை ஒரு வாரத்துல தோள்ல கிழிஞ்சுரும், அதோட துணி மெல்லிசா இருக்குறதால விரலுக்குத் துணியே அகப்படாது, பிடியும் பழகாது. தினப் பிராக்டிசுக்கு சிங்கிள் வீவ் ஜூடோ சட்டை வாங்குங்க, காத்தும் போகும் சீக்கிரம் காயும். போட்டிக்கு மட்டும் தடியானது. ஸ்லீவ் மணிக்கட்டு வரைக்கும் இருக்கணும், போட்டில அளந்து பாப்பாங்க, குட்டையா இருந்தா உள்ள விட மாட்டாங்க. காட்டன் துவைச்சா சுருங்கும், அதனால வாங்கும்போதே ஒரு சுத்து பெருசா வாங்கி ரெண்டு மூணு தடவை துவைச்சுட்டு அளந்து பாருங்க.

சித்திரை வைகாசில சாயந்தரம் ஆறு மணிக்கு மேல வச்சுக்கங்க. வேர்வைல நனைஞ்ச சட்டையைப் பிடிக்கிறது தனிப் பழக்கம், கனமா இருக்கும், விரல் சீக்கிரம் ஓயும், அதனால வெயில் காலத்துல பிடி ரவுண்டை 20 செகண்டா குறைச்சு எண்ணிக்கையைக் கூட்டுங்க. நடுவுல தண்ணியும் உப்புப் போட்ட மோரும். முடிஞ்சதும் சட்டையை பேக்குக்குள்ள திணிச்சு ராத்திரி முழுக்க வைக்காதீங்க, அன்னைக்கே அலசிக் காயப் போடுங்க. ஈரச் சட்டையால படை வந்துச்சுன்னா ஒரு பிள்ளைகிட்ட இருந்து மேட்ல இருக்குற எல்லாருக்கும் பரவும், படை தெரிஞ்சா முழுசா ஆறுற வரைக்கும் மேட்டுக்கு அனுப்பாதீங்க.